கீழைத் தத்துவமும் சமயமும்: எதை, எந்த வரிசையில் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே மாதந்தோறும் கூடும் ஒரு சிறிய வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வருபவர்களில் பலர் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் தமிழ் படிக்காதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே நூல்களைத் தேர்ந்திருக்கிறேன்.

தத்துவத்தில் இதுவரை எதுவுமே படித்ததில்லை. முதலில் எந்த நூலை எடுப்பது?

மணிமேகலையின் 27-ஆம் காதையை (காப்பியத்தின் இயல்) எடுங்கள். முழுக் காப்பியத்தையும் படித்துவிட்டுத்தான் அங்கே வரவேண்டும் என்பதில்லை. ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்பது அதன் பெயர். ஆண் துறவியின் வடிவம் தாங்கி வஞ்சி மாநகரில் நுழையும் மணிமேகலை, அங்குள்ள சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று ‘உம்முடைய கொள்கையைச் சொல்லும்’ என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேர் பேசுகிறார்கள். இந்தியத் தத்துவ மரபுகளின் பெரும்பகுதி இந்த ஒரே காதைக்குள் வரிசையாக வந்து நிற்கிறது.

முதலில் பேசுபவர் அளவைவாதி என்பதைக் கவனியுங்கள். கடவுள் உண்டா, உயிர் உண்டா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே, ஒன்றை ‘அறிந்தேன்’ என்று சொல்வதற்கு எவை எவை சான்றாகும் என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. காட்சி, கருதல் (அனுமானம்), ஆகமம் (நூல் வாக்கு) என்று அளவைகளை, அதாவது அறிவுக்கான சான்றுகளை, அவர் அடுக்குகிறார். இதைப் பிடித்துக்கொண்டால், பின்னர் எந்தத் தத்துவ நூலை எடுத்தாலும் ஆசிரியர் எந்த அளவையின் மேல் நின்று பேசுகிறார் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

கடைசியாகப் பேசும் பூதவாதியின் பகுதிதான் எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு முறையும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆத்திப் பூவையும் கருப்புக் கட்டியையும் பிறவற்றையும் கூட்டும்போது கள்ளில் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறார் அவர். கண்ணால் கண்டதைத் தவிர அனுமானம் செல்லாது, மறுமை என்பதும் பொய் என்று முடிக்கிறார். மணிமேகலை சிரிக்கிறாள். ‘உன் தந்தையையும் தாயையும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு அறிந்தாய்?’ என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி பூதவாதியை வீழ்த்திவிடுகிறதா, அல்லது அவருக்கு இன்னும் ஒரு விடை மிச்சம் இருக்கிறதா என்று நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதி முடிக்கும்போது நீங்கள் தத்துவம் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

நான் இந்தக் காதையை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சமயத்தை அதன் வாயாலும் கேட்கவேண்டும், அதை மறுப்பவர் வாயாலும் கேட்கவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பாதிப் படிப்புதான். தமிழில் இந்த முறை மிகப் பழையது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அது பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரோடும் தனித்தனியே வாதிடுகிறது. குண்டலகேசி நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. மறுத்தவர்களின் நூலும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையும் இருப்பதால்தான், மறுக்கப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதில் ஓரளவாவது நமக்குத் தெரிகிறது.

பழைய தமிழ் நடை புரியவில்லை. உரை இல்லாமல் படிக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். மணிமேகலைக்கு ந. மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரையை வாங்குங்கள். தருக்கமும் பௌத்த தருமமும் நிறைந்த இறுதிக் காதைகள் துரைசாமிப் பிள்ளையின் உரையைக் கொண்டவை. அவற்றின் துணையில்லாமல் 29, 30-ஆம் காதைகளுக்குள் செல்வது வீண் உழைப்பு.

இந்த நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரே பௌத்தக் கலைச்சொற்கள் விளங்காமல் பெரிதும் முயன்றார். கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களின் செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தம் தன்வரலாற்றில் விரிவாகச் சொல்கிறார். 1898-இல் பதிப்பு வெளிவந்தது. சைவரான ஒரு பதிப்பாசிரியர், வைணவரான ஓர் ஆசிரியரின் துணையோடு, ஒரு பௌத்த நூலைத் தமிழருக்கு மீட்டுத் தந்தார். அந்தப் பக்கங்களையும் அவசியம் படியுங்கள்.

உபநிடதங்களையும் கீதையையும் எந்த வரிசையில் படிப்பது?

கடோபநிடதத்தில் தொடங்கலாம். நசிகேதன் யமனிடம் சென்று, இறந்தபின் ஒருவன் இருக்கிறானா இல்லையா என்று கேட்பதும், யமன் வேறு எதை வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தவிர்க்கப் பார்ப்பதும் யாரையும் உள்ளே இழுத்துவிடும். அதன்பின் சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயம். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் உப்பை நீரில் போடச் சொல்கிறார். மறுநாள் காலை அந்த உப்பை எடுத்துவரச் சொல்கிறார்; எடுக்க முடியவில்லை. மேலிருந்து பருகச் சொல்கிறார், நடுவிலிருந்து பருகச் சொல்கிறார், அடியிலிருந்து பருகச் சொல்கிறார், எங்கும் உப்பு. மூன்றாவதாகப் பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் வரும் பகுதிகள். ஜனகரின் அவையில் கார்க்கி எழுந்து கேள்வி கேட்கும் இடத்தை மெதுவாகப் படியுங்கள். மாண்டூக்கியம் 12 மந்திரங்களே கொண்டது என்பதால் பலர் அதை முதலில் எடுக்கிறார்கள். அளவில் சிறியது என்றாலும் எல்லாவற்றிலும் கடினமானது அதுதான்.

கீதைக்குப் பாரதியார் எழுதிய தமிழாக்கமும் அதன் நீண்ட முன்னுரையும் நல்ல வாயில். விரிவான விளக்கம் வேண்டுவோருக்குச் சுவாமி சித்பவானந்தரின் உரை இருக்கிறது. ஆனால் ஒரே ஓர் உரையோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 12-ஆம் சுலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் இல்லாதிருந்த காலம் இல்லை, நீயும் இந்த அரசர்களும் இல்லாதிருந்த காலமும் இல்லை’ என்று கண்ணன் சொல்லும் இடம் அது. ‘நான்’, ‘நீ’, ‘இவர்கள்’ என்று இறைவனே பிரித்துப் பேசுவதால் உயிர்கள் பல என்பதும், அவை இறைவனிலிருந்து வேறானவை என்பதும் உண்மை என்று இராமானுசர் நிறுவுகிறார். உடல்கள் பல என்பதைக் கருதித்தான் பன்மை வந்தது, ஆன்மா பல என்று அதற்குப் பொருள் இல்லை என்கிறார் சங்கரர். ஒரே சுலோகத்தின் மேல் இரண்டு பெரும் தரிசனங்கள் எதிரெதிராக நிற்பதை இப்படி அருகிலிருந்து பார்ப்பது, இருவரைப் பற்றியும் எழுதப்பட்ட பத்து அறிமுகக் கட்டுரைகளைவிட அதிகம் கற்றுத்தரும்.

சங்கரரின் அத்வைதத்தைத் தமிழிலேயே படிக்க விரும்பினால் தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் இருக்கிறது. குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் அந்த நூலின் இரண்டாம் பகுதிக்கே சந்தேகம் தெளிதற் படலம் என்று பெயர். இரமண மகரிஷியிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளிலிருந்து உருவான ‘நான் யார்?’ ஒரே அமர்வில் படித்துவிடக்கூடியது. ஆனால் அது கேட்கும் வேலை ஓர் அமர்வில் முடிகிற வேலை இல்லை.

சைவ சித்தாந்தத்துக்கு?

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்கள்தான் என்பதால் எல்லாரும் அதையே முதலில் எடுக்கிறார்கள். சூத்திரம் என்பது முன்பே கற்றவருக்காகச் சுருக்கப்பட்டது. ஆகவே மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கத்திலிருந்து தொடங்குங்கள். 50-க்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களில், மாணவர் கேட்க ஆசிரியர் விடை சொல்லும் முறையில் அமைந்தது அது. அடுத்து அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். பெரும்பாலோர் தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பரபக்கத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். உலகாயதரில் தொடங்கிப் பௌத்தரின் நான்கு பிரிவுகள், சமணர், மீமாஞ்சகர், மாயாவாதி, பாஞ்சராத்திரி என்று எதிர்த்தரப்புகளை முதலில் சொல்லிப் பின்னர் மறுக்கும் பரபக்கம், மணிமேகலையின் 27-ஆம் காதைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது. அங்கே கேட்பவள் பௌத்தத் துறவி. இங்கே மறுப்பவர் சைவ ஆசாரியர்.

ஆழ்வார் பாசுரங்களும் தத்துவமா?

ஆம். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் முதல் பத்தை உரையோடு படியுங்கள். தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் உள்ள அதன் ஈட்டு உரையைப் பு. ரா. புருஷோத்தம நாயுடு தமிழாக்கிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே தொகுதிகளாகத் தந்திருக்கிறார். அந்த உழைப்புக்குத் தமிழர்கள் இன்னும் போதிய நன்றி சொல்லவில்லை என்பது என் கருத்து.

பௌத்தத்தை எங்கே தொடங்குவது?

தம்மபதத்தில். 26 வர்க்கங்களில் (பகுதிகளில்) 423 பாக்கள். தமிழில் ப. ராமஸ்வாமியின் மொழிபெயர்ப்பு எளிமையானது. ஆனால் தம்மபதம் மட்டும் படித்தவர்களுக்குப் பௌத்தம் ஒரு நீதிநூல் என்ற எண்ணம் தங்கிவிடும். புத்தர் எப்படி உரையாடினார், எந்தக் கேள்வியை ஏற்றார், எதை ஒதுக்கினார் என்று அறிய பாலி மொழித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 152 சுத்தங்களில் (புத்தரின் உரைகளில்) சிலவற்றையாவது படிக்கவேண்டும். உலகம் நித்தியமா அநித்தியமா என்று கேட்டு மாலுங்கியபுத்தர் பிடிவாதம் பிடிக்கும் 63-ஆம் சுத்தம் நல்ல தொடக்கம். அங்குத்தர நிகாயத்தில் உள்ள காலாமர் சுத்தத்தையும் படியுங்கள். அதிலிருந்து ஓரிரு வரிகளை மட்டும் கத்தரித்துப் பகிரும் வழக்கம் மிகுந்துவிட்டதால், முழுச் சுத்தத்தையும் படித்துவிடுவது நல்லது. ஆங்கிலம் வசதிப்படுவோருக்கு வல்போல ராகுலர் 1959-இல் வெளியிட்ட ‘வாட் தி புத்தா டாட்’ இன்றும் தெளிவான அறிமுகம்.

இதற்கு அடுத்தபடி, டாக்டர் அம்பேத்கர் எழுதி அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த பெருநூல். ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்று பெரியார்தாசன் தமிழாக்கியிருக்கிறார். நோயாளியையும் முதியவரையும் பிணத்தையும் முதன்முதலாகக் கண்டு சித்தார்த்தர் வீட்டைத் துறந்தார் என்ற மரபுக்கதையை அம்பேத்கர் ஏற்கவில்லை. 29 வயது வரை ஒருவர் இவற்றைப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா என்று கேட்கிறார். ரோகிணி ஆற்று நீரைப் பங்கிடுவதில் சாக்கியருக்கும் கோலியருக்கும் எழுந்த சண்டையையும், போர் வேண்டாம் என்று சொன்ன சித்தார்த்தர் சாக்கியரின் சங்கத்து முடிவுக்கு எதிராக நின்றதையும் துறவுக்குக் காரணமாக வைக்கிறார். காவிரி நீரைக் குடித்துக்கொண்டு பெங்களூரில் வாழும் தமிழர்கள் அந்த அத்தியாயத்தைப் பதற்றமில்லாமல் படிப்பது கடினம். எங்கள் வட்டத்தில் அன்றைய உரையாடல் நூலை விட்டுச் சற்றும் விலகாமலேயே எங்கள் வாழ்க்கையைப் பற்றியதாகவும் இருந்தது.

நமக்கு மிக அருகில் நடந்த ஒரு வரலாறும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் வழியாகவும் சாக்கிய பௌத்த சங்கத்தின் வழியாகவும் பரவிய தமிழ்ப் பௌத்தம், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்களிடையே வேரூன்றியது. அவருடைய ‘ஆதிவேதம்’ என்ற நூலைப் படிக்கும்போது, இங்கிருந்து ரயிலில் சென்று சேரும் தூரத்தில் அந்த நூல் மக்களின் அன்றாடச் சமயமாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பின்னணிக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ ஆகிய இரண்டும் போதும்.

போதிதர்மர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பது உண்மையா?

அது பிற்கால மரபு. ஆறாம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதே காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தான்லின் என்பவரின் குறிப்பு அவரைத் தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை. பெருமைக்காக ஜென் படிக்க வருபவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் போதிதர்மரின் ஊரைப் பற்றிப் பேசும் நேரத்தில் மூமோன்கான் என்ற ஜென் தொகுப்பின் 48 கோஆன்களில் (புதிர்க் கதைகளில்) ஒன்றையாவது படித்துவிடலாம்.

சீனத் தத்துவத்தில் எவற்றைப் படிப்பது?

மூன்று நூல்கள். தாவோ தே ஜிங், 81 சிறு இயல்கள்; கவிஞர் சி. மணியின் தமிழாக்கம் இருக்கிறது. 1973-இல் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச்சுவடிகளில் நூலின் இரு பகுதிகளும் இடம் மாறியிருப்பதால், 38-ஆம் இயலில் தொடங்கியும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அடுத்து சுவாங்ட்சு. 33 இயல்களில் முதல் ஏழு மட்டும் இப்போதைக்குப் போதும்.

மூன்றாவதான கன்பூசியஸின் உரையாடல்களில், தமிழர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று 13-ஆம் பகுதியில் வருகிறது. தன் தந்தை ஆடு திருடியதாகச் சாட்சி சொன்ன ஒருவனை நேர்மையானவன் என்று ஒரு சிற்றரசர் புகழ்கிறார். எங்கள் பக்கத்தில் தந்தை மகனை மறைப்பார், மகன் தந்தையை மறைப்பான், நேர்மை அதில்தான் இருக்கிறது என்கிறார் கன்பூசியஸ். கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சி தரும். அந்த அதிர்ச்சியோடு உடனே தீர்ப்பு எழுதிவிடாமல், அறம் வீட்டில் தொடங்குகிறதா அரசில் தொடங்குகிறதா என்ற கேள்வியாக அதை மாற்றிக்கொண்டால், சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் அந்தச் சோழனைச் சொல்லி வாதிடும் இடமும் புதிதாகத் தெரியும்.

ஓஷோவையும் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் படிக்கிறேன். அது போதாதா?

ஓஷோ பல நூல்களுக்கு வாசலைக் காட்டுபவர். அவர் பேசிய மூலநூலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது நூலில் உள்ளது, எது அவர் சேர்த்தது என்று தெரியும். கிருஷ்ணமூர்த்தியின் நிலை வேறு. 1929-இல் தமக்காக அமைக்கப்பட்ட அமைப்பையே கலைத்தவர் அவர். எந்த நூலுக்கும் உரை எழுதவில்லை. கனகபுரா சாலையில் உள்ள பள்ளி வளாகத்தின் ஆய்வு மையத்தில் அவர் உரைகளை அமைதியாக அமர்ந்து படிக்கலாம். ஆனால் அவர் எதை மறுக்கிறார் என்று தெரியாமல் அவருடைய மறுப்பு முழுமையாக விளங்காது. அதற்காகவேனும் பழைய நூல்களுக்கு வாருங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இவற்றில் எனக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை கடவுள் இல்லாமலேயே உலகத் தோற்றத்தை விளக்குகிறது. வேதத்தை உயிராகக் கொண்ட மீமாஞ்சகரான குமாரிலர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை மறுக்கிறார். சமணமும் பௌத்தமும் அப்படியே. தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959-இல் எழுதிய ‘லோகாயதா’வையும், தமிழில் ந. முத்துமோகனின் ‘இந்தியத் தத்துவங்களும் தமிழின் தடங்களும்’ நூலையும் பரிந்துரைக்கிறேன்.

பெங்களூரில் வாழ்பவர்கள் கன்னடத்திலிருந்து எதைப் படிக்கலாம்?

12-ஆம் நூற்றாண்டின் வசனங்கள் எனப்படும் குறுங்கவிதைகளை. பசவண்ணர், அல்லமப் பிரபு, அக்கமகாதேவி ஆகிய மூவரும் சிவனைப் பாடியவர்கள் என்பதால் தேவாரத்தின் தொடர்ச்சியாகப் படிக்கத் தோன்றும். கோயிலைப் பற்றி அவர்கள் வைக்கும் விமரிசனமோ நம் சிவவாக்கியரை நினைவூட்டும். அக்கமகாதேவியைக் காரைக்கால் அம்மையாரோடு சேர்த்துப் படியுங்கள். கன்னட எழுத்து தெரியாதவர்களுக்கு, மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஸ்பீக்கிங் ஆஃப் சிவா’ உண்டு. அவரே நம்மாழ்வாரையும் மொழிபெயர்த்திருக்கிறார். பேசத் தெரிந்தவர்கள் எழுத்தையும் கற்றுக்கொண்டு, டி. வி. குண்டப்பாவின் ‘மங்குதிம்மன கக்க’வை அண்டை வீட்டாரோடு சேர்ந்து படிக்கலாம். இந்த ஊரில் அந்தப் பாக்களை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரே ஒரு வரலாற்று நூல்?

மைசூர் மகாராஜா கல்லூரியில் கற்பித்த எம். ஹிரியண்ணாவின் ‘அவுட்லைன்ஸ் ஆஃப் இந்தியன் ஃபிலாசஃபி’, 1932. ராதாகிருஷ்ணனின் இரண்டு தொகுதிகளும் தாஸ்குப்தாவின் ஐந்து தொகுதிகளும் பெரியவை. ஹிரியண்ணா அளவோடு எழுதுகிறார், மறுக்கும் தரப்பையும் மதித்து எழுதுகிறார். ஆனால் சில மூலநூல்களைப் படித்தபின் இதை எடுங்கள். முன்பே எடுத்தால் பெயர்களின் பட்டியலாகத்தான் மனத்தில் தங்கும்.

இந்த நூல்கள் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

தமிழ் நூல்களுக்கு அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தை முதலில் பாருங்கள். கீதை, உபநிடத நூல்களுக்குப் பசவனகுடி புல் டெம்பிள் சாலையில் உள்ள இராமகிருஷ்ண மடத்தின் விற்பனை நிலையம். பௌத்த நூல்களுக்குக் காந்திநகரில் ஆசாரிய புத்தரக்கிதர் 1956-இல் நிறுவிய மகாபோதி சங்கம். ஆங்கில நூல்கள் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. அவென்யூ சாலையில் தேடுவதற்குப் பொறுமை வேண்டும்.

மணிமேகலை, நீலகேசி, சித்தியார், கைவல்லியம் போன்ற மூலங்கள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாக உள்ளன. ஸ்கேன் செய்யப்பட்ட பழைய பதிப்புகளைப் பதிவிறக்கும்போது பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரைப் பகுதியில் நடுவே தாள்கள் விடுபட்ட பிரதிகளும் அவற்றில் உண்டு. மூலம் மட்டும் உள்ள கோப்பைத் தனியாக அச்செடுத்து, ஓரத்தில் இடம் விட்டுத் தைத்து வைத்துக்கொண்டால், உரையைப் பார்த்துக் குறிப்பெழுத வசதியாக இருக்கும். 27-ஆம் காதைக்கு எங்கள் வட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.